லட்சுமியின் கல்: ஓர் ஆசிரமப் பசு கதைமாந்தரான விதம்

ஆர்தர் ஆஸ்போர்ன் எழுதிய ரமணர் வரலாறு 1954-இல் லண்டனில் அச்சானது. அதில் பசு லட்சுமிக்குக் கிடைத்த இடம் சில பக்கங்கள்தான். ஆனாலும் இன்று திருவண்ணாமலையில் சொல்லப்படும் லட்சுமி கதை ஏறக்குறைய ஆஸ்போர்ன் கோத்த வரிசையிலேயே வருகிறது. கன்றாக வந்தாள், வழி கண்டுபிடித்துத் தானே திரும்பி வந்தாள், ரமணரின் பிறந்தநாளான ஜயந்தியன்று கன்று ஈன்றாள், கோசாலைக்குள் ரமணரின் பின்னாலேயே நுழைந்தாள், அவர் கை பட்டு முக்தி அடைந்தாள். இந்த நிகழ்ச்சிகளை நான் மறுக்கவில்லை. எனக்குச் சிக்கலாகத் தெரிவது வரிசைதான். ஆஸ்போர்ன் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார். 1948-ஆம் ஆண்டுச் சமாதிக் கல்லில் முக்தி என்று பொறித்திருப்பதால், 1926-ஆம் ஆண்டுக் கன்றும் அதை நோக்கியே நடந்து வந்ததாக ஆகிவிடுகிறது. ஆசையாக வளர்த்த விலங்கு ஒன்று எழுத்தில் மாந்தராக மாறுவது இப்படி அல்ல என்பதே என் வாதம். முதலில் அன்றாடப் பழக்கம், அதையொட்டிப் பெயரும் பேச்சும், பிறகு கல், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கதை. (லட்சுமியை 'அவள்' என்றே எழுதுகிறேன். ஆசிரம நாய்களைப் 'பையன்கள்' என்று குறிப்பிட்ட ரமணரின் பேச்சுவழக்கை ஆஸ்போர்னே பதிவு செய்திருக்கிறார். அதை மீற எனக்கு மனமில்லை.)

ஆஸ்போர்ன் எங்கே நின்று பார்த்தார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அவர் மனைவி மக்கள் முன்பே திருவண்ணாமலைக்கு வந்து தங்கியிருந்தார்கள். சயாமில் போர்க்காலக் காவலில் இருந்த அவர் 1945-இல்தான் வந்து சேர்ந்தார். அப்போது லட்சுமிக்கு 19 வயது இருக்கும். பசுவுக்கு அது முதுமை. அவர் கண்ணால் கண்டது அவளுடைய கடைசி மூன்று ஆண்டுகள் மட்டுமே. 1926 பற்றி அவர் எழுதியதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. அதைக் குறையென்று சொல்லவில்லை. பிறர் சொன்ன செய்தியையும் தாம் கண்டதையும் ஒரே குரலில் எழுதியதால், எது எவருடைய நினைவு என்ற தடம் அழிந்துபோனது.

அந்தக் கேள்விச் செய்தியிலேயே வேறொரு கதை ஒளிந்திருக்கிறது. குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்து அருணாசலம் பிள்ளை தாய்ப்பசுவையும் கன்றையும் கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுக்கிறார். ரமணர் ஏற்கத் தயங்குகிறார். ஆசிரமத்தில் மாடு கட்ட இடமில்லை. பிள்ளை திரும்ப ஓட்டிக்கொண்டு போக ஒப்பவில்லை. ராமநாத தீட்சிதர் மூன்று மாதம் போல் பார்த்துக்கொள்கிறார். அடுத்து, டவுனில் மாடு வைத்திருந்த ஒருவர் ஓராண்டு பராமரிக்கிறார். ஒருநாள் அவர் தரிசனத்துக்கு வரும்போது இரண்டையும் கூடவே ஓட்டி வருகிறார். மறுநாள் காலை கன்று தனியே வந்து நிற்கிறது. அன்றிலிருந்து காலையில் வந்து மாலையில் டவுனுக்குத் திரும்புவது வழக்கமாகிறது.

ஆக, முதல் ஓராண்டுக்கு மேல் லட்சுமி ஆசிரமத்துப் பசுவே அல்ல. டவுன்காரர் வீட்டுப் பசு. யாரும் கேட்டு வாங்கவில்லை, மறுத்தும் விட்டுப்போனார்கள். ஆஸ்போர்னோ தடுக்க முடியாத ஈர்ப்பு ஒன்று கன்றை இழுத்தது போலும் என்று எழுதுகிறார். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் இதற்கு இவ்வளவு பெரிய காரணம் தேட மாட்டார்கள். ஒருமுறை ஓட்டிச் சென்ற வழியை மாடு மறக்காது. போன இடத்தில் வாழைப்பழம் கிடைத்தால் மறுநாளும் போகும். ரமணர் அவளுக்கென்று பழமோ வேறு தின்பண்டமோ வைத்திருந்து கொடுத்தார் என்பது ஆஸ்போர்ன் தரும் செய்திதான். ஈர்ப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈர்ப்புக்கு முன்னால் பழக்கம் இருந்தது. அதுதான் ஏட்டில் சுருங்கிப்போனது.

அந்தப் பழக்கத்தை அவர் முழுதாக மறைத்துவிடவில்லை என்பதற்கு ஒரு காட்சி சாட்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லட்சுமி ஹாலுக்கு வந்துவிடுவாளாம், ரமணரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போக. அவர் வேறெதிலாவது மூழ்கியிருந்தால், அவள் வந்து நின்ற பிறகே நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். நேரம் சரியாக இருக்கும். ரமண இலக்கியத்தில் நான் படித்த விலங்குச் சித்திரங்களில் இதற்கு இணை இல்லை. இதில் அற்புதமும் முற்பிறவியும் இல்லை. நேரம் தவறாத ஒரு மாடும், நேரத்தை மறந்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள். கதாசிரியர் எவரிடம் கொடுத்தாலும் அவர் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆஸ்போர்ன் இதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டு ஜயந்திக் கன்றுகளுக்குப் போய்விடுகிறார்.

கோசாலை நிகழ்ச்சியில் நிலைமை மாறுகிறது. கல்லால் கட்டிய புதுக் கோசாலைக்குள் முதலில் நுழைய வேண்டியவள் லட்சுமி. நேரம் வந்தபோது ஆளைக் காணோம். தேடினால் ரமணர் பக்கத்தில் படுத்திருக்கிறாள், எழுந்திருக்க மறுக்கிறாள். கடைசியில் அவர் முன்னே போக, அவள் பின்னே போனாள். கண்டவர்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவர் வரும்வரை அசைய மாட்டேன் என்று அவள் தீர்மானித்திருந்தாள் என்பது எழுதுகிறவர் சேர்த்தது. பசுவின் செயலிலிருந்து பசுவின் எண்ணத்துக்கு எழுத்து தாண்டுகிறது. விலங்கு மாந்தராவது அந்தத் தாண்டலில்தான்.

லட்சுமி இறந்த 1948 ஜூன் 18 காலையில் அந்தத் தாண்டல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்து மணிக்கு ரமணர் வந்து அருகில் அமர்கிறார். தலையை மடியில் எடுத்துக்கொள்கிறார். ஒரு கையைத் தலையிலும் பிறகு மார்பிலும் வைக்கிறார். கன்னத்தோடு கன்னம் சேர்க்கிறார். இவை பலர் முன்னிலையில் நடந்தவை. தொடர்ந்து ஆஸ்போர்ன் சொல்வது: அவள் உள்ளம் வாசனைகள் அற்றுத் தூய்மையாக இருப்பதை அறிந்து நிறைவுற்று, அவர் விடைபெற்றுச் சாப்பிடப் போனார். பதினொன்றரைக்கு உயிர் பிரிந்தது. இந்த நிறைவைக் கண்டவர் யார்? ரமணர் அப்படிச் சொன்னதாக ஆஸ்போர்ன் எங்கும் குறிக்கவில்லை. ஒரே வாக்கியத்தில் பசுவின் அகத்துக்குள்ளும் அதைப் பார்த்த ஞானியின் அகத்துக்குள்ளும் எழுத்தாளர் நுழைந்து வெளியே வந்துவிடுகிறார். வரலாற்று நூல் நாவலாவது இந்த ஒரு வரியில்.

அந்த வரி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு என் ஊகம் இது. 1922 மே 19 அன்று தாய் அழகம்மாள் இறந்தபோது, ரமணர் பகல் முழுதும் மார்பிலும் தலையிலும் கை வைத்துக் கூடவே இருந்தார். கடைசி மூச்சுக்குப் பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. பசுவின் மரணம் அதே வார்ப்பில் வடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு: பசு உயிர்விட்ட நேரத்தில் ரமணர் பக்கத்தில் இல்லை. தாயின் மரணத்தை அச்சாக வைத்து எழுதுகிறவருக்கு அது ஓர் இடைவெளி. 'நிறைவுற்று' என்ற சொல் அந்த இடைவெளியை அடைக்கிறது. இதற்கு மேல் நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. என்றாலும் அந்த வாக்கியம் அங்கே இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. போகிற போக்கில் ஒன்று: தாய், பசு, ரமணர் (1950 ஏப்ரல் 14) மூவரும் மறைந்தது வெள்ளிக்கிழமை. பக்தி நூல் எழுதுகிறவர் இதை விடமாட்டார். நான் இதில் பொருள் தேடவில்லை.

ஆஸ்போர்ன் செய்தது எழுத்துலகில் புதிதல்ல. வர்ஜீனியா உல்ஃப் 1933-இல் வெளியிட்ட 'ஃப்ளஷ்', கவிஞர் எலிசபெத் பாரெட் பிரவுனிங் வளர்த்த நாயின் வரலாறு. தம்மிடம் இருந்த பிங்கா என்ற நாயைக் கண்முன் வைத்துக்கொண்டு, நூறாண்டுக்கு முந்தைய நாயின் மனத்துக்குள் போனார் உல்ஃப். ஆனால் தாம் விளையாடுவதை அவர் மறைக்கவில்லை. வரலாற்று நூல் போலக் குறிப்புகள் சேர்த்ததும் அந்த விளையாட்டில் ஒரு பகுதி. ஆஸ்போர்னிடம் விளையாட்டு இல்லை. அதனால்தான் அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் அவர் கற்பனையையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்.

சாட்சியம் என்றால் எனக்குக் கல்தான். ஆசிரம வளாகத்தில் மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளோடு லட்சுமியின் சமாதியும் இருக்கிறது. சதுரக் கல், மேலே பசு உருவம், ரமணர் எழுதிய தமிழ்ச் செய்யுள். செய்யுளில் இரக்கமோ உவமையோ இல்லை. சர்வதாரி ஆண்டு, ஆனி 5, வெள்ளி, வளர்பிறைத் துவாதசி, விசாகம், பசு லட்சுமி முக்தி. இந்தக் காலக் குறிப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 1948 ஜூன் 14 பகலில் ஞாயிறு மிதுனத்தில் நுழைகிறது. ஆகவே ஆனி முதல் நாள் 14, ஐந்தாம் நாள் 18. அன்று வெள்ளிதான். துவாதசி முந்தின நாள் மாலை தொடங்கி 18-ஆம் தேதி மாலை வரை இருந்தது. விசாகம் விடியலுக்கு முன்பே பிறந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் நாழிகைகள் சற்று முன்பின் ஆகலாம். பகல் பதினொன்றரைக்கு எல்லா உறுப்பும் பொருந்துகின்றன. பிற்காலத்தில் யாரோ நினைவிலிருந்து எழுதிவைத்த தேதி அல்ல இது.

திதியும் நட்சத்திரமும் சேர்த்துப் பொறிப்பது ஆண்டுதோறும் பூசை செய்ய வேண்டியவருக்கு. இதன் புதுமை புரிய அருணாசலேசுவரர் கோயில் பக்கம் திரும்ப வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு நெய் அளக்க 96 ஆடு, 32 பசு என்று விட்டதைப் படிக்கிறோம். அவை 'சாவா மூவா'ப் பேராடுகள். இறப்பதும் இல்லை, மூப்பதும் இல்லை. செத்ததை ஈடுகட்டி எண்ணிக்கையைக் காப்பது மந்தை மேய்க்கும் மன்றாடியின் பொறுப்பு. கொடுத்த அரசனின் ஆட்சியாண்டு கல்லில் உண்டு. ஒரு பசுவின் பெயர்கூடக் கிடையாது. லட்சுமியின் கல் இதைத் தலைகீழாக்குகிறது. பெயர் இருக்கிறது, அவள் செத்த நாள் இருக்கிறது, ஈடுகட்ட வேறு பசு கிடையாது. எண்ணிக்கையிலிருந்து தனி உயிராக விலங்கு பிரிந்து வந்ததற்கு இந்த ஊரில் நான் காட்டக்கூடிய கல் இது.

செய்யுளில் உள்ள முக்தி, இறந்தார் என்பதற்கு மரியாதையாகச் சொல்லும் சமாதி போன்ற வழக்கா, உண்மையிலேயே முக்தியா என்று அடியவர் தேவராஜ முதலியார் கேட்க, முக்திதான் என்று ரமணர் சொன்னதாக ஆஸ்போர்ன் எழுதுகிறார். நம்பகமான செய்தி என்றே கொள்கிறேன். எனக்கு இதில் முக்கியம் பதிலைவிடக் கேள்வி. கூடவே இருந்த அடியவருக்கே 1948-இல் அது ஐயமாக இருந்திருக்கிறது. முக்தியை நோக்கி நடந்த பசு என்ற கதை முன்பே நிலைத்திருந்தால் அவர் கேட்டிருக்கத் தேவையில்லை.

வேறெந்தப் பசுவிடமும் இத்தகைய பற்று இருந்ததில்லை என்கிறார் ஆஸ்போர்ன். பசுக்களுக்குள் சரி. மலைமேல் வாழ்ந்த காலத்தைப் பார்த்தால் லட்சுமி ஒரு நீண்ட வரிசையின் முடிவு. குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனான நொண்டி, வருகிறவர்களுக்கு மலையைச் சுற்றி வழிகாட்டிய நாய் கமலா, கன்னங்கரிய நாய் சின்னக் கருப்பன் எல்லாரும் பெயரும் குணமும் உள்ள ஆட்களாகவே பேச்சில் வாழ்ந்தார்கள். தம் காலைக் கொட்டிய குளவிகளைப் பற்றிப் பின்னாளில் அடியவர் முருகனார் கேட்டதற்குச் செய்யுளாகவே விடை எழுதினார் ரமணர். அவர் பார்வையில் தவறு கூட்டைக் கலைத்த காலின் மேல் இருந்தது. ஆனால் சமாதிச் செய்யுள் பெற்றவள் லட்சுமி ஒருத்தியே. மற்றவை பேச்சோடு நின்றன. இவள் எழுத்துக்கு வந்தாள்.

மிஞ்சியிருப்பது கீரைப்பாட்டி. மலையில் குகை நமசிவாயர் கோயில் பக்கம் வாழ்ந்து, கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குக் கொடுத்த மூதாட்டி. அவரே லட்சுமியாகப் பிறந்தார் என்பது பக்தர் வட்டத்தில் பரவலான நம்பிக்கை. பாட்டி இறந்தது 1921 என்று சொல்வார்கள். 1926-இல் சிறு கன்றாக வந்தவள் அந்த ஆண்டோ முந்தின ஆண்டின் கடைசியிலோ பிறந்திருக்கலாம். நடுவிலுள்ள நாலைந்து ஆண்டுகளைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மறுபிறவிக் கதைக்கு அது தேவையும் இல்லை. கல்லில் பாட்டி இல்லை. இல்லாததை வைத்து வாதாடுவது பலவீனம் என்பது தெரிந்தே சொல்கிறேன்: கிழமை முதல் நட்சத்திரம் வரை விடாமல் எழுதியவர், பாட்டியைப் பதிய நினைத்திருந்தால் பதிந்திருப்பார். திருமூலர் மூலன் உடலில் புகுந்ததும், அருணகிரிநாதர் கிளியானதும் தெரிந்த ஊரில் ஒரு கூட்டுக்கும் இன்னொரு கூட்டுக்கும் பாலம் போடுவது எளிது. கிளி கோபுரம் கண்முன்னே நிற்கிறது.

இந்த லட்சுமி தமிழ்ப் புனைகதைக்குள் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். பெருமாள்முருகன் 2016-இல் 'பூனாச்சி'யை எழுதியபோது, பசுவையும் பன்றியையும் பற்றி எழுத முடியாது, மிஞ்சியது ஆடுதான் என்ற பொருள்பட முன்னுரையில் சொன்னார். அவர் சொன்ன காரணம் நம் காலத்து அரசியல். லட்சுமி விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன்: அவளை ஆஸ்போர்ன் ஏற்கெனவே கதையாக எழுதி முடித்துவிட்டார், வரலாறு என்ற பெயரில். அதைக் கழித்துப் பார்க்க உதவக்கூடியவை ரமணரின் அடியவர் சூரி நாகம்மா 1945 முதல் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள். நடந்ததை ஒட்டி எழுதப்பட்டவை, ஆஸ்போர்ன் நூலுக்கு முந்தியவை. அந்த மூலத்தைத் தேதிவாரியாக வைத்துப் படித்தால், கீரைப்பாட்டி எந்த ஆண்டில் லட்சுமிக்குள் வந்தார் என்பதற்கு மேலெல்லை ஒன்றாவது கிடைக்கும். கீழெல்லை 1926.