வேஜஸும் சேலரியும்



பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'வேஜஸ்' என்றாலும் சம்பளம், 'சேலரி' என்றாலும் சம்பளம். பிறகு எதற்கு இரண்டு சொற்கள்? நாளுக்கோ, மணிக்கோ, செய்த வேலையின் அளவுக்கோ கணக்கிட்டுக் கொடுப்பது வேஜஸ். மாதத்திற்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுப்பது சேலரி. அகராதி சொல்வது இவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தது மழை.

விடியுமுன் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் விழாமல் மரத்தோடு வழிந்து போகும். வெட்டு இல்லையென்றால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ஆபீஸில் இருந்த கிராணியாரின் சம்பளத்தை அந்த மழை தொடவில்லை. மழை மாதங்களில் லயத்துக் குடும்பங்களின் கடைக்கடன் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இச்சொற்களின் பிறப்பையும் பார்ப்போம். சேலரி, உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியப் போர்வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. வேஜஸ் வட பிரெஞ்சு நாட்டின் பழஞ்சொல். அதன் முதற்பொருள் பிணை, அதாவது ஈடு வைத்தல். நம் முன்னோரின் கதைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! ஒப்பந்த முறையில் வந்தவர்கள் கப்பல் செலவை உழைத்துக் கழித்தார்கள். 1910-இல் அம்முறையில் ஆள் எடுப்பது நின்றது. கங்காணியோடு வந்தவர்களிலும் முன்பணக் கடனைச் சுமந்து வந்தோர் பலர்.

நம்முடைய 'கூலி' என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் ஒரு கொடுமைதான். தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் பணம். ஆங்கிலேயரின் வாயில் அது உழைக்கும் மனிதனின் பெயராயிற்று. அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்தே சென்றது என்பார் பலர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரோடு சேர்த்துப் பார்ப்பாரும் உண்டு. எப்படியாயினும், பணத்தின் பெயரால் ஆளை அழைத்தால் அவனுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கக் கேட்டார்கள்.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட வேலைச் சட்டம், நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாட்களுக்குக் குறையாமல் வேலை தரவேண்டும் என்றது. அவர் வேலைக்கு அணியமாயிருந்தும் முதலாளி தராவிட்டால், அந்த நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அச்சட்டம் தன் கீழ் வந்த எல்லாருடைய சம்பளத்தையும் வேஜஸ் என்றே குறித்தது. கிராணியார் வாங்கியதும் சட்டத்தின் கண்ணுக்கு வேஜஸ்தான்!

மாதக் கணக்கிற்காகத் தோட்ட மக்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். அதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல லயங்கள் காலியாயின. 2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பள ஆணை நடப்புக்கு வந்தபோது, தீபகற்ப மலேசியாவுக்கு வைத்த அளவு 900 ரிங்கிட். ஆணையின் பெயரில் இருந்த ஆங்கிலச் சொல் வேஜஸ். அந்த 900 ரிங்கிட்டோ மாதத்திற்கு.