கீழாநெல்லி: ஆய்வகச் சோதனைகள்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டு வீடுகளில் பழைய வழக்கம். சென்னை ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்குழாய்க்குக் கொண்டுவந்தனர். ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கின் குழு, செடியின் நீர்ச்சாறு அவ்வைரசின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதை 1987இல் காட்டியது.

அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வு பெரும் நம்பிக்கை ஊட்டியது. கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி.

ஆனால் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

செடியின் அடையாளத்திலும் குழப்பம் இருந்தது: இந்த ஆய்வுகளில் தொடக்கத்தில் பில்லாந்தஸ் நிரூரி எனக் குறித்த செடி, பின்னர் பில்லாந்தஸ் அமாரஸ் எனத் திருத்தப்பட்டது. ஒரே தோற்றமுள்ள இனங்கள் பல இருப்பதால், சாறு எடுக்கும் முன் செடியைச் சரியாக இனங்காண்பதே இத்தகைய ஆய்வின் முதல் வேலை.