வன்னியிற் பாவசங்கீர்த்தனம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துக் கத்தோலிக்க வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோயில்கள் எழுந்த ஆண்டுகளையும், குருமாரின் வருகையையும், மறைமாவட்டங்களின் பிரிவினையையும் நிரற்படுத்தினர். விசுவாசிகளின் அன்றாடச் சமய வாழ்வு அவ்வரலாறுகளில் அருகியே இடம்பெறுகின்றது. அதிலும் பாவசங்கீர்த்தனம் வரலாற்றாசிரியனுக்கு அகப்படாத ஒன்று. குருவானவரின் செவியிற் சொல்லப்படுவது அவரோடு மறைய வேண்டும் என்பது திருச்சபையின் உறுதியான சட்டம். எனவே அதற்கு ஆவணம் இல்லை. ஆயினும் அதற்கான ஆயத்தம் மறைவிலே நடைபெறுவதன்று. அது மன்றாட்டாகவும், பாட்டாகவும், ஊர் ஒழுங்காகவும் வெளியிலே நிற்பது. வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தவரை இவ்வாயத்தமே சொல்லுதலினும் பெரிதாக இருந்தது என்பதும், அதற்குக் குருமாரின் பற்றாக்குறையே அடிப்படைக் காரணம் என்பதும் இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து. இவ்வரலாறு இன்றைய அரசியற் சொல்லாடல் ஒன்றை அளந்து பார்க்கவும் உதவும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களே இங்கு வன்னி எனக் கொள்ளப்படுகின்றன. திருச்சபை நிர்வாகத்தில் முன்னைய இரண்டும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வவுனியா, 1981இல் உருவாக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டத்துள் அடங்கும். மடுத் திருப்பதி மன்னார் மாவட்டத்தில் அமைந்திருப்பினும், வன்னிக் காட்டின் சமய வாழ்வை அதனை விடுத்து நோக்கல் இயலாது.

பாவசங்கீர்த்தனத்துக்குரிய ஒழுங்கினைப் பழைய ஞானோபதேசம் ஐந்து படிகளாகக் கற்பித்தது. முதலாவது ஆத்துமசோதனை; பத்துக் கற்பனைகளையும் ஒவ்வொன்றாக நினைந்து தன் செயலை ஒருவன் ஆராய்தல். இரண்டாவது மனஸ்தாபம். மூன்றாவது, இனிச் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை. நான்காவது குருவிடம் சொல்லுதல். ஐந்தாவது, அவர் விதித்த அபராதத்தை நிறைவேற்றுதல். இவற்றுள் நான்காவது படிக்கு மட்டுமே குருவின் முன்னிலை இன்றியமையாதது. வயது வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் சொந்தக் குருவிடம் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. 1551இல் திரெந்துச் சங்கம் மனஸ்தாபம், சொல்லுதல், பரிகாரம் என்னும் மூன்றையும் பாவியின் கடமைகளாக வகுத்தது. அத்துடன், பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தை உள்ளடக்கிய உத்தம மனஸ்தாபம் உள்ளவன், சொல்லும் வாய்ப்புக் கிட்டுமுன்னரே இறைவனோடு ஒப்புரவாகின்றான் எனவும் அது கூறிற்று. ஐரோப்பாவில் இறையியல் நுணுக்கமாக இருந்த இவ்வாசகம், குருவற்ற நிலங்களில் ஒரு சமூகத்தின் உயிர்நாடி ஆயிற்று.

இச்சடங்குக்குத் தமிழில் வழங்கிய பெயர்களே ஒரு வரலாற்றைச் சொல்லுகின்றன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அடிப்படை மன்றாட்டுக்களைத் தமிழில் பெயர்ப்பித்து மனனம் செய்வித்தார். அவர்பின் வந்த என்றீக்கே என்றீக்கெஸ் அடிகளார் தமிழைக் கற்று, மொழிபெயர்ப்பாளன் இன்றித் தமிழிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்டவர். மூன்றாமவன் ஒருவன் இடையில் நின்று மொழிபெயர்க்கும்போது எவரும் மனந்திறந்து பேசார் என்பது வெளிப்படை. 1580இல் கொச்சியில் அவர் அச்சிட்ட நூல் ‘கொம்பெசியொனாயரு’ எனும் பெயருடையது. தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனக் கையேடாக அமைந்தமை தற்செயலன்று. பாவத்தைச் சொல்வதற்கு இருதிறத்தாருக்கும் பொதுவான மொழி தேவைப்பட்டது. அத்தேவை அச்சினை நாடிற்று. எனினும் நூலின் பெயர் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் ஒலிபெயர்ப்பே. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி அடிகளாரோடு வலுப்பெற்ற வடமொழிச் சார்பான வழக்கில் ‘பாவசங்கீர்த்தனம்’ நிலைபெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1973இல் உரோமை வெளியிட்ட புதிய சடங்கு முறையைத் தொடர்ந்து, ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்பது வழக்கிற்கு வந்தது. முதற்சொல் அந்நிய நிறுவனத்தைச் சுட்டியது. இரண்டாவது தனிமனிதன் வாய்விட்டுச் சொல்வதைச் சுட்டியது. மூன்றாவது உறவின் சீராக்கத்தைச் சுட்டுகின்றது. ஒப்புரவறிதல் என்னும் குறளதிகாரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இச்சொல்லின் சமூகப் பொருள் புதிதன்று.

இனி ஈழத்துக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாக அவ்வாண்டே விளம்பரப்படுத்தப்பட்டது. பதவிக்கும் பதிவுக்கும் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் தேவைப்பட்டமையால் வெளியே ஒரு சமயமும் உள்ளே ஒரு சமயமுமாகப் பலர் வாழ்ந்தனர். வன்னிமைகளோ திறைகொடுத்துத் தம்மாட்சியைப் பேணிய காட்டு நிலங்கள். ஒல்லாந்தரின் கை அங்கு முழுமையாக நீளவில்லை. மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு 20 குடும்பங்கள் 1670இல் மருதமடுக் காட்டிற்குள் புகுந்தன என்னும் மரபு இப்பின்னணியிலேயே விளங்கத்தக்கது.

1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், இம்மக்களுக்குக் குருமார் இல்லை. லாத்தரன் சங்கத்தின் கட்டளையை நிறைவேற்ற எவராலும் இயலாது. எஞ்சியவை ஆத்துமசோதனையும் உத்தம மனஸ்தாப மந்திரமுமே. அவற்றைக் கற்பித்தோர் பொதுநிலையினர். கோயிற் காரியங்களை நடத்திய மூப்பரும், மன்றாட்டுச் சொல்லிக் கொடுத்த அண்ணாவியாரும் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் பெற்ற முதன்மையின் வேர்களுள் ஒன்று இக்காலத்திலேயே உள்ளது எனலாம்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் ஏழை வேலையாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கழுத்திற் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அதனை அடையாளங்கண்டோரைக் கொண்டு கத்தோலிக்கரை அறிந்தார் என்பர். பகலில் நடமாட முடியாத அவரது பணி இரவிலேயே நடந்தது. பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தோடு குருவின் இருப்பே இரகசியமாயிற்று. பாவி குருவைக் காட்டிக்கொடாதிருக்க வேண்டும். குரு பாவத்தைக் காட்டிக்கொடாதிருக்க வேண்டும். அதிகாரம் ஒருபக்கமாகவே பாயும் சடங்கில் நிலவாத இத்தகைய பரஸ்பர நம்பிக்கை இங்கு உருவாயிற்று. வாஸ் அடிகளார் 1711இல் கண்டியிற் காலமானார். 2015 சனவரி 14இல் கொழும்பிலே புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார்.

அவர் வழிவந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. தபசுகாலத்தில் கத்தோலிக்க ஊர்களில் இது இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஆண்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும் காலமும் அதுவே. ஒப்பாரி மரபிற் பயின்ற செவிகளுக்கு, இறந்த மகனுக்காகப் புலம்பும் தாயின் குரல் அந்நியமானதன்று. தனியொருவனின் உள்ளத்தில் எழவேண்டிய மனஸ்தாபம் இங்கு ஊர்கூடி அழும் அழுகையினூடாகப் பயிலப்பட்டது. சொல்வது தனித்து, வருந்துவது கூடி. இவ்விணைப்பே நம் கிராமியக் கத்தோலிக்கத்தின் தனித்தன்மை.

ஆங்கிலேயராட்சியில், 1806ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கிற்று. 1847இல் யாழ்ப்பாணம் தனி அப்போஸ்தலிக்க ஆளுகையாயிற்று. அமலமரித் தியாகிகள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்தனர். எனினும் வன்னியின் நிலைமை பெரிதும் மாறிற்று எனக் கூறல் பொருந்தாது. காய்ச்சல் நோயாலும் குளங்கள் தூர்ந்தமையாலும் குடிகுறைந்த அந்நிலத்தில் சிற்றூர்கள் காட்டினிடையே சிதறிக்கிடந்தன. குருவானவர் மாட்டுவண்டியில் ஊர்ஊராகச் செல்பவராகவே இருந்தார். ஆண்டில் ஓரிரு நாட்களே ஓரூரிலே தங்க முடிந்தது. மிலான் பேராயர் சார்லஸ் பொரொமெயோ பதினாறாம் நூற்றாண்டிற் பரப்பிய மரத்தாலான பாவசங்கீர்த்தனத் தொட்டி, ஓலைக் கொட்டிற் கோயில்களுக்கு உரியதன்று. ஒரு கதிரையும் இடையே ஒரு தட்டியும் போதும்.

ஆகவே சுவாமியார் வருமுன்னரே ஊர் ஆயத்தமாக வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு மந்திரங்கள் பாடமாக்கப்பட வேண்டும். சபையறியாத விவாகங்கள் ஒழுங்காக்கப்பட வேண்டும். பகைகொண்டோர் சமாதானமாக வேண்டும். சகோதரனோடு பகையிருப்பின் காணிக்கையை வைத்துவிட்டு முதலிற் சென்று உறவாடு என்னும் மத்தேயு நற்செய்தியின் போதனை, வேலித் தகராறும் வாய்க்காற் சண்டையும் நிறைந்த விவசாயக் கிராமத்தில் நடைமுறைப் பெறுமதி கொண்டதாயிற்று. களவெடுத்ததைத் திருப்பிக் கொடாமலும், கூலிகாரனுக்குரியதைச் செலுத்தாமலும் பாவப்பொறுத்தல் பெறமுடியாது என்பது ஒழுக்க இறையியலின் பொதுவிதி. இவ்வகையில், நீதிமன்றம் தூரமாயிருந்த ஊர்களில் ஆண்டிற்கொருமுறை வரும் பாவசங்கீர்த்தனம் இணக்க மன்றின் பணியையும் ஓரளவு செய்தது.

இதனை இலட்சியப்படுத்துதல் கூடாது. ஊரை ஆயத்தப்படுத்திய மூப்பர் பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பத்தவர். எது பாவம், எது பகிரங்கப் பாவம் என்ற வரையறையிற் சாதியும் சொத்தும் ஆண் மேலாண்மையும் கலந்தேயிருந்தன. விதிமீறிய காதல் எளிதிற் பாவமாயிற்று. சாதி குறித்து மனிதரை ஒதுக்கிவைத்தமை எளிதிற் பாவமாகவில்லை. பத்துக் கற்பனைகளின் ஒழுங்கிலே அமைந்த ஆத்துமசோதனைக்குச் சமூக அமைப்பின் பாவத்தைக் காணும் கண் குறைவு.

மேனாட்டு மனிதன் பாவசங்கீர்த்தனத்தால் உருவாக்கப்பட்டவன். அவனை உள்ளிருந்து கண்காணிக்கும் அதிகாரத்தின் கருவி அது என மிஷேல் பூக்கோ 1976இல் எழுதினார். இக்கூற்றை நம் முற்போக்காளர் சிலர் அப்படியே எடுத்தாள்வர். பங்குக் குரு நிரந்தரமாக இருந்து, பதிவேட்டில் ஆள்குறித்து, ஆண்டுதோறும் கேட்ட ஐரோப்பியப் பங்குக்கு அது பொருந்தலாம். குருவே அரிதாய், அவர் வருகையே விழாவாய் இருந்த வன்னிக்கு அதனை மாற்றமின்றிப் பொருத்தல் வரலாற்று நோக்காகாது. இங்குக் கண்காணிப்பு இருந்ததாயின் அது ஊராரின் கண்காணிப்பு, குருவினுடையதன்று. மறுதலையாக, ஊரின் கண்ணிலிருந்து விடுபடவும் சிலருக்கு இச்சடங்கு உதவியிருக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் மடுவில் கூடாரமிட்டுத் தங்கும் யாத்திரிகர், தம்மை அறியாத குருவிடம், தம் ஊரார் காணாத வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்யக் கூடும். தமிழரும் சிங்களரும் ஒரே மரநிழலில் அவரவர் மொழியில் அதனைச் செய்தனர் என்பது இந்நாட்டின் வரலாற்றிற் சிறிய செய்தியன்று.

இருபதாம் நூற்றாண்டிலே இரணைமடுக் குளமும் குடியேற்றத் திட்டங்களும் கிளிநொச்சியை மாற்றின. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத் தமிழர் பலர் வன்னி எல்லைகளிற் குடியேறினர். பங்குகள் பெருகின, குருவானவர் ஊரிலேயே வதியலானார். பாவசங்கீர்த்தனம் ஆண்டு நிகழ்விலிருந்து அடிக்கடி நிகழ்வதொன்றாக மாறத்தொடங்கிய அவ்வேளையிலேயே யுத்தம் வந்தது.

1999 நவம்பர் 20இல் மடுத் திருப்பதி வளாகத்தில் எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோரில் 40 பேரளவில் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அதே மாதம் 20ஆம் நாள் கருணாரட்ணம் அடிகளார் மல்லாவிப் பகுதியிற் கிளைமோர்த் தாக்குதலிற் கொல்லப்பட்டார். 2009 மே 18இல் மக்களோடு வட்டுவாகலைக் கடந்த பிரான்சிஸ் யோசப் அடிகளார் அதன்பின் காணப்படவில்லை. மரண ஆபத்து நெருங்கி, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க நேரமில்லாதபோது பலருக்கும் பொதுவாகப் பாவப்பொறுத்தல் அளிக்கலாம் என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. சட்டம் அரிதென எண்ணி எழுதிய அந்நிலை, முள்ளிவாய்க்காற் பதுங்குகுழிகளில் இலட்சக்கணக்கானோரின் அன்றாட நிலையாயிற்று.

யுத்தத்தின் பின் அரச மொழியில் நல்லிணக்கம் என்னும் சொல் புகுந்தது. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2010இல் நியமிக்கப்பட்டது. 2011 சனவரியில் அதன்முன் தோன்றிய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப், வன்னி மக்கட்டொகை பற்றிய அரச செயலகப் புள்ளிவிபரங்களையே கொண்டு, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்டார். 2021இல் அவர் மறைந்தார், வினா மறையவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டமும் அதே வினாவையே எழுப்பிற்று. அவ்வாண்டிற் கேப்பாப்பிலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளுக்காக வீதியோரத்தில் அமர்ந்தனர்.

ஞானோபதேசத்தில் மனனம் செய்த ஐந்து படிகளை இவ்விடத்தில் நினைதல் தகும். சோதனையின்றி மனஸ்தாபம் இல்லை. சொல்லாமற் பொறுத்தல் இல்லை. எடுத்ததைத் திருப்பாமற் பரிகாரம் இல்லை. அரசோ முதல் நான்கையும் தவிர்த்து, ஐந்தாவதைத் தள்ளிவைத்து, பாவப்பொறுத்தலை மட்டும் பாதிக்கப்பட்டோரிடம் கேட்கின்றது. வன்னியின் எழுத்தறியா மூதாட்டிக்கும் இது செல்லாத பாவசங்கீர்த்தனம் எனத் தெரியும்.

அதே அளவுகோல் தமிழ்ச் சமூகத்துக்கும் உரியது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், முல்லைத்தீவு, கிளிநொச்சி வாழ்ந்தோர் உட்பட, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியிலேயே அவர்களின் மீள்வருகை பற்றி உடன்பாடு கண்டமை சொல்லுதலின் தொடக்கம். வீடும் காணியும் மீளக்கிடைப்பதே பரிகாரம். யுத்தத்தின் இறுதி மாதங்களிற் பிள்ளைகளைப் பலவந்தமாகப் படைக்குச் சேர்த்தமையும் ஆத்துமசோதனைக்குரியதே. இருதரப்புக் குற்றங்களையும் ஒரே நிறையினவாகக் காட்டுதல் நம் நோக்கமன்று. பிறரின் பாவத்தைச் சொல்வது பாவசங்கீர்த்தனமன்று என்பதும் அதே ஞானோபதேசத்தின் பாடம் என்பதையே இங்கு வலியுறுத்துகின்றோம்.

பாவசங்கீர்த்தனத்தின் உள்ளடக்கம் வரலாற்றுக்கு என்றும் கிட்டாது, கிட்டவும் கூடாது. ஆனால் அதன் ஆயத்தம் கிட்டும். மூப்பர்மாரின் நினைவுகளும், அண்ணாவிமாரின் கையெழுத்துக் கொப்பிகளும், வியாகுல இராகங்களும் இடப்பெயர்வுகளிற் பெருமளவு அழிந்துபோயின. முல்லைத்தீவின் கரையோரக் கோயில்களில் எஞ்சியிருந்தவற்றை 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் கொண்டுபோயிற்று. எஞ்சியோரிடம் எஞ்சியிருப்பதைப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மறைமாவட்டங்களும் சேர்ந்து உடன் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.