கைப்பிடி உப்பும் ஓர் அமைப்பின் குறிக்கோளும்

மரக்காணம் கடற்கரையில் உப்பு விளையும் முறையை அறியாதார் நம்முள் இலர். உவர்நீரை முதலில் அகன்ற பாத்திகளில் தேக்குவர். வெயிலில் வற்றி அடர்ந்த நீரைச் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுவர். அங்கே உப்பு விளையும். கடல் முழுதும் உப்பே ஆயினும், பாத்தியில் கட்டினாலன்றி அது கைக்கு வாராது. ஓர் அமைப்பின் குறிக்கோளும் அத்தகையதே. அதற்கு வரலாறு தரும் சான்றும் உப்பிலேயே அமைந்துள்ளது.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மகாசபை, முழு விடுதலையே தன் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. தீர்மானம் கடலெனப் பரந்தது. ஆனால் அதன்பொருட்டு ஒரு சிற்றூர் உழவன் மறுநாட்காலை செய்யத்தக்கது யாது? 1930 ஜனவரியில் காந்தியடிகள் பதினொரு கோரிக்கைகளை முன்வைத்தார். மதுவிலக்கு, நிலவரியைப் பாதியாக்குதல், இராணுவச் செலவைக் குறைத்தல் முதலியவற்றோடு உப்பு வரி நீக்கமும் அவற்றுள் ஒன்று. அவ்வொன்றையே அறப்போருக்கெனத் தேர்ந்தார். விடுதலைப் போருக்கு உப்பா எனத் தலைவர் பலர் திகைத்தனர்; ஜவஹர்லால் நேருவும் அவர்களுள் ஒருவர். ஆயின், உப்பு ஏழையின் கலத்திலும் உண்டு; சட்டத்தை மீற ஒரு கைப்பிடி போதும்.

ஏப்ரல் 6இல் தண்டியில் அடிகள் உப்பெடுத்தார். ஏப்ரல் 13இல் இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் திருச்சியினின்றும் வேதாரணியம் நோக்கி நடந்தனர். அவர்தம் நடைக்கு நாமக்கல் கவிஞரின் பாட்டு துணைநின்றது. இலக்கு தெளிவாயிருந்தமையால் கவிஞனுக்கும் அங்கே பணி இருந்தது.

1931 மார்ச்சில் ஏற்பட்ட காந்தி-இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் ஊரார் தம் தேவைக்கு உப்பெடுக்க இசைவளித்தது. வரியோ 1947இல்தான் நீங்கியது. எனினும் ஒரு குறையையும் வரலாறு மறைத்தல் ஆகாது. அப்பதினொரு கோரிக்கைகளுள் உப்பு உண்போரின் வரி இருந்தது. உப்பளத்தில் உழைப்போரின் கூலி இல்லை. எதனைக் கொண்டோம் என்பதோடு, எவரை விட்டோம் என்றும் வினவுதல் குறிக்கோள் வகுப்போர் கடன்.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்திற்கும் இவ்வினா உரியது. தமிழ் வளர்ப்போம் என்பது கடல். நமக்கெனப் பாத்தி ஒன்று வேண்டும். இக்கரையின் உப்பளத் தொழிலாளர் நாவில் வழங்கும் தொழிற்சொற்கள், காற்றின் பெயர்கள், பழமொழிகள் ஆகியவை ஏடேற வேண்டும். அவற்றை அவர்களிடமே கேட்டுத் தொகுத்தலைப் பதினோராம் ஆண்டின் முதற்பணியாகக் கொள்வோமாக.