ஏட்டிலிருந்து கேமராவுக்கு: திருச்சியில் அச்சான புத்தகங்களும் வீட்டில் செய்யும் ஸ்கேனரும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்து போகும் தூரத்துக்குள், தமிழ்நாட்டின் அச்சு வரலாற்றில் இடம்பெற்ற ஊர்ப்பகுதிகள் சில இருக்கின்றன. நிலையத்துக்கு அருகிலேயே தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய இக்கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. இதை நடத்திய சேசு சபையாரின் தொழிற்பள்ளி அச்சகத்திலிருந்து பல நூல்கள் வெளிவந்தன. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கிருந்த ஸ்ரீ வாணி விலாஸ் அச்சகம், ஆதிசங்கரரின் நூல்களை 1910இல் 20 தொகுதிகளாக வெளியிட்டது. புத்தூர் அக்ரகாரத்திலிருந்து வெளிவந்த ‘ஸ்ரீவைஷ்ணவ சுதர்சனம்’ பதிப்புகள், ஆழ்வார் பாசுரங்களுக்கான பழைய உரைகளை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன.

இவற்றில் பழையவை இன்று ஆபத்தில் உள்ளன. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் தங்கியிருக்கும். வெயிலும் ஈரமும் மாறிமாறித் தாக்கும்போது தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம்போல் நொறுங்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். புத்தகம் அழிவதற்குள் அதைப் பிரதி எடுத்துவிடுவதுதான் வழி. தமிழில் அந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு.

ஓலைச்சுவடிக் காலத்தில் பிரதி எடுப்பதே கல்வியின் ஒரு பகுதியாக இருந்தது. திருச்சியை அடுத்த அதவத்தூரில் 1815இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிடைத்தற்கரிய தண்டியலங்காரத்தைக் கற்பதற்காகப் பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பரதேசியைப் பின்தொடர்ந்தார் என்று அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய சரித்திரம் கூறுகிறது. ஒரு நூலைப் பெற ஒருவரை நாடிப் போக வேண்டும், பெற்றதைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அன்றைய நிலை.

அச்சு வந்த பிறகு இந்தத் தேவை சில தலைமுறைகளுக்கு மறைந்திருந்தது. அச்சுப் புத்தகங்களே அரிதானபோது அது மீண்டும் தலைதூக்கியது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சிதறாமல் காக்கப்பட்டது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நுண்படச் சுருளில் பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் பணி அங்கே பெரிய அளவில் நடந்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் சென்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். இலங்கையில், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் நூலுக்கு என்ன நேரும் என்பதை அந்தத் தீ காட்டியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவாக்கும் பணியை ஏற்றது.

பெரிய நிறுவனங்களும் இறங்கின. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பங்கேற்ற பத்து லட்சம் புத்தகத் திட்டத்தில், இறக்குமதியான ஸ்கேனர்கள் இந்திய நூலகங்களில் அமைந்தன. வாணி விலாஸின் சங்கரர் தொகுதிகள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைப்பது இத்தகைய முயற்சிகளால்தான். ஆனால் அவசரமாக எடுத்த கோப்புகளில் பக்கம் விடுபடுதல், ஓரம் வெட்டுப்படுதல் போன்ற குறைகள் மிகுதி. விலை உயர்ந்த இயந்திரமும் தனிமனிதர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது வீட்டில் செய்யும் ஸ்கேனர். 2009இல் அமெரிக்கரான டேனியல் ரீட்ஸ், கழிவுப் பொருள்களையும் இரண்டு மலிவான டிஜிட்டல் கேமராக்களையும் கொண்டு ஒரு புத்தக ஸ்கேனரைக் கட்டி, செய்முறையை எல்லோருக்கும் திறந்துவைத்தார். பல நாடுகளில் பலர் அதைப் பின்பற்றித் தத்தம் ஊரில் கிடைத்த பொருள்களால் கட்டினர்.

அதன் அமைப்பு எளிது. மேசை ஸ்கேனரில் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்த வேண்டியிருப்பதால் தையல் விட்டுப்போகும், பழைய முதுகு முறியும். வீட்டு ஸ்கேனரிலோ இரண்டு பலகைகள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் ஏறக்குறைய 90 பாகைக் கோணத்தில் நிற்கும். பாதி திறந்த புத்தகம் அந்தத் தொட்டிலில் மல்லாந்து கிடக்கும். அதே கோணத்தில் இணைத்த இரண்டு கண்ணாடிகள் மேலிருந்து இறங்கித் தாள்களை மெதுவாகச் சமப்படுத்தும். இடப்பக்கக் கேமரா வலப்பக்கத் தாளையும், வலப்பக்கக் கேமரா இடப்பக்கத் தாளையும் நேர்செங்குத்தாகப் பார்க்கும். விளக்கு நடுவில் உயரத்தில் இருந்தால் கண்ணாடியின் மினுக்கம் கேமராவில் விழாது. கண்ணாடியைத் தூக்கு, தாளைப் புரட்டு, இறக்கு, படமெடு என்பதுதான் வேலை. 300 பக்க நூலுக்கு 150 முறை. ஒரு முறைக்குப் பத்து வினாடி ஆனாலும் அரைமணிக்குள் முடிந்துவிடும்.

இதற்கு உயர்ந்த கேமராவும் வேண்டியதில்லை. டெமி அளவுப் பக்கம் எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏறத்தாழ 42 லட்சம் புள்ளிகள் போதும். இன்றைய சாதாரணக் கைப்பேசிக் கேமராவே அதைவிடக் கூடுதலாகத் தரும். ஒற்றைப்படைப் பக்கங்கள் ஒரு கேமராவிலும் இரட்டைப்படைப் பக்கங்கள் மற்றொன்றிலும் சேரும். இரண்டையும் வரிசையாகக் கோத்து, ‘ஸ்கேன் டெய்லர்’ போன்ற கட்டற்ற மென்பொருளில் சாய்வை நிமிர்த்தி, ஓரத்தைச் சீர்செய்து, வரும் பக்கப் படங்களை ஒன்றாகச் சேர்த்தால் பிடிஎஃப் கோப்பு தயார். பக்க எண்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை சரிபார்ப்பது மிக முக்கியம். விட்டுப்போன ஒரு தாளுக்காகப் பிறகு அதே புத்தகத்தைத் தேடிப் போனால் அது இல்லாமலே போயிருக்கலாம்.

படத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுவது அடுத்த படி. ‘டெசராக்ட்’ போன்ற எழுத்துணரி மென்பொருள்கள் இன்றைய தமிழ் அச்சை நன்றாகவே படிக்கின்றன. பழைய நூல்களில் இரண்டு தடைகள் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சானவற்றில் ணை, லை, னை போன்றவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் இருக்கும். இரண்டாவது கிரந்தம். ஸ்ரீவைஷ்ணவ மணிப்பிரவாள உரைகளின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்தோடு கிரந்த எழுத்தும் ஒரே வரியில் கலந்து வரும். கிரந்தத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2014இல்தான். ஆகவே இந்நூல்களில் இயந்திரம் படித்ததை அவ்வெழுத்து அறிந்த ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஏடு பார்த்துப் படித்த பழைய உழைப்பு இங்கே இன்னும் தேவைப்படுகிறது.

சட்டமும் ஓர் எல்லை வகுக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அதற்குப் பிறகு யாரும் அதைப் பிரதி எடுத்துப் பொதுவில் வைக்கலாம். நூற்றாண்டு கண்ட ஸ்ரீரங்க, திருச்சிப் பதிப்புகளில் கணிசமானவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

பரணில் கட்டி வைத்த பழைய புத்தகங்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். அச்சகத்தின் பெயரும் ஆண்டும் முகப்புப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு பலகை, இரண்டு கண்ணாடி, இரண்டு கேமரா, அரைமணிப் பொறுமை ஆகியவை இருந்தால் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியாவது மிஞ்சும்.