பொது வழங்கியும் கீழைக்கரை ஏடுகளும்

2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களைப் பெரிதும் அழித்தது. எண்ணற்ற உயிர்கள் மாண்ட இடத்தே ஏடுகளைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஓரிடத்தே மட்டும் கிடக்கும் எழுத்து எத்துணை எளிதில் அழியும் என்பதை, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதே ஈழத்தவர் கண்டனர்.

கடற்கோள் நிகழ்ந்து சில வாரங்களில், 2005 ஜனவரியில், ‘நூலகம்’ என்னும் தன்னார்வ முயற்சி இணையத்தில் தோன்றியது. 1998இல் எழுந்த மதுரைத் திட்டம் அதற்கு முன்னோடி. கல்முனை வாசகர் சங்கம் 1977இல் வெளியிட்ட நுஃமானின் ‘தாத்தாமாரும் பேரர்களும்’ இன்று எந்நாட்டவர்க்கும் படிக்கக் கிடைப்பது நூலகத்தின் வழங்கியினாலேயாம்.

வழங்கியாவது, கேட்டார்க்குக் கேட்ட ஏட்டை ஈயும் கணினி. அதனை அமைத்தலினும் பேணுதலே அரிது. ஆண்டுதோறும் முகவரிக் கட்டணம் செலுத்தல் வேண்டும். வட்டு நிரம்புமுன் இடம் பெருக்கல் வேண்டும். மென்பொருளின் ஓட்டைகளை உடனுக்குடன் அடைத்தல் வேண்டும். இவை யாவினும் தலையாயது, மாற்றுப்படியொன்றைத் தொலைவில் வேறோரிடத்தே வைத்தல். வைத்தலும் போதாது, அவ்வப்போது மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத படி படியன்று. பண்டையோர் ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். வட்டுக்கும் அதுவே முறை.

அமெரிக்காவில் 1987 முதல் இயங்கும் எஸ்.டி.எஃப். என்னும் பொதுக் கணினி உறுப்பினர் தரும் சிறு பணத்தாலேயே நிலைத்துள்ளது. நூலகமும் நன்கொடையையே நம்பியது. இத்தகைய பணிகளிற் புதிய ஏடு ஏற்றப் பணம் தருவோர் உளர்; பழைய வட்டை மாற்றத் தருவோர் அரியர்.