கூலி: கப்பலேறிய சொல்

கூலி என்பது ஆளைக் குறிக்கப் பிறந்த சொல் அல்ல. உழைத்தவருக்குச் சேர வேண்டியதைக் குறித்த சொல். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் வருந்த முயன்றதற்குக் கிடைக்கும் பலனாக, பெருமையோடு வருகிறது. இழிவின் சாயல் துளியும் கிடையாது.

இழிவு கப்பலில் ஏறிய பிறகுதான் ஒட்டிக்கொண்டது. 1834-ல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியர்களிடம் கைநாட்டு வாங்கி மொரீஷியசுக்கு ஏற்றினார்கள், பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் துறையை அடைந்தது. அப்படி வந்து இறங்கியவர்களை வெள்ளையர்கள் ‘கூலி’ என்றே கூப்பிட்டார்கள். வாங்கும் காசின் பெயர் வாங்குகிறவரின் பெயராகிவிட்டது. குஜராத்தின் கோலி சமூகப் பெயரே மூலம் என்பாரும் உண்டு, இரண்டும் கலந்திருக்கலாம். பின்னாளில் தொழிலைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தே அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியே ‘கூலி பாரிஸ்டர்’தான்.

இலங்கை மலையகத்தில் இன்னொன்றும் நடந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ‘பேர்’ என்று பெயர். காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மலையேறி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்தை நிறுக்கும்போது குறித்த கிலோ இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க நின்ற பெண்ணின் பேரில் பாதியை ஒரு தராசு வெட்டிவிடுகிறது. ஆளுக்குக் கூலி என்று பேர், கூலிக்குப் பேர் என்று பேர்! இந்தச் சொல்லின் பயணத்தில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

இப்போது புதுப் பெயர்கள் வருகின்றன. 2016 ரயில்வே பட்ஜெட்டில், நிலையங்களில் சுமை தூக்குகிறவர்கள் இனி ‘சகாயக்’ என்றார்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் இளைஞரை நிறுவனங்கள் ‘பார்ட்னர்’ என்கின்றன. வண்டி அவருடையது, பெட்ரோலும் அவர் காசு. லாபத்தில் மட்டும் பங்கில்லை. தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று வரிசையாகக் கேட்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையகத்தார் புதுப் பெயர் கேட்கவில்லை, கூலியைத்தான் கேட்டார்கள். நாளுக்கு 1,000 ரூபாய் என்று பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2021-ல் அது அரசிதழில் வந்தது. கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். முன்பு முழுப் பேர் வாங்கிய கொழுந்துக்கு அரைப் பேர்தான் கிடைத்தது.